குடும்பப் படகிலேயே பந்தயம்: பழைய கேட்டலினா 22 வாங்கலாமா?

கேள்வி: டெக்சஸில் டல்லாஸ் பக்கம் வசிக்கிறோம். நான், மனைவி, 14 வயது மகன், 9 வயது மகள். நண்பரின் பாய்மரப் படகில் ஏரிக்குப் போய்ப் பழகியதில் எல்லோருக்குமே ஆசை பிடித்துக்கொண்டது. வார இறுதியில் குடும்பத்தோடு சுற்ற வேண்டும், ஒரு ராத்திரி படகிலேயே தூங்க வேண்டும். புதன்கிழமை மாலைகளில் கிளப் நடத்தும் பந்தயத்திலும் இறங்க வேண்டும், ஒப்புக்குக் கலந்துகொள்வதாக இல்லை. 1980களில் கட்டிய கேட்டலினா 22 ஒன்று ட்ரெய்லரோடு 4,000 டாலருக்கு வருகிறது. ஆனால் கிளப்பில் சிலர், "பந்தயம் ஓட்டணும்னா ஜே 24 வாங்குங்க, இது பிக்னிக் படகு" என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் கேட்டலினாவையே வாங்குங்கள். ஜே 24 அருமையான பந்தயப் படகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை முழு வேகத்தில் ஓட்ட ஐந்து பேர் வேண்டும். கேபினுக்குள் குனிந்தே இருக்க வேண்டும், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான கீலை மேலே தூக்க முடியாது. ஒன்பது வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஏரியில் ஓர் இரவு தங்குவதற்கு அது தோதுப்படாது. படகு கரையிலேயே நிற்க ஆரம்பித்தால் புதன்கிழமைப் பந்தயமும் தானாக நின்றுபோகும். அப்படி நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும்.

"பிக்னிக் படகு" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கிளப் பந்தயங்களில் முதலில் வந்து சேர்ந்த படகுதான் வென்றது என்று இல்லை. அமெரிக்காவில் பரவலாக இருக்கும் பி.ஹெச்.ஆர்.எஃப். முறையில் ஒவ்வொரு வகைப் படகுக்கும், ஓடிய நேரத்தில் ஒரு கடல் மைலுக்கு இத்தனை விநாடி என்று ஒரு கழிவு உண்டு. கேட்டலினா 22க்கு அது சுமார் 270, ஜே 24க்குச் சுமார் 170. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். வித்தியாசம் மைலுக்கு 100 விநாடி. நான்கு மைல் பந்தயம் என்றால் ஜே 24 உங்களுக்கு 6 நிமிடம் 40 விநாடி முன்னால் வந்து சேர்ந்தால்தான் சமன். அதற்குள் நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டால் கணக்கில் வெற்றி உங்களுக்கு. இன்னொன்று, 1970 வாக்கில் ஃபிராங்க் பட்லர் வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய இந்த மாடல் 15,000க்கு மேல் விற்றிருக்கிறது. அதனால் ஒரே மாடல் படகுகள் கழிவு எதுவும் இல்லாமல் நேருக்கு நேர் மோதும் வகுப்புப் பந்தயங்களும் இதற்கு உண்டு. உங்கள் ஏரியில் இன்னும் நாலைந்து கேட்டலினா 22 ஓடுகிறதா என்று விசாரியுங்கள். ஓடினால் யோசிக்கவே வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். இந்தப் படகில் முதலில் பார்க்க வேண்டியது கீல். பெரும்பாலானவற்றில் இருப்பது ஊசலாடும் கீல்: சுமார் 550 பவுண்டு எடையுள்ள வார்ப்பிரும்பு, ஒரு முளையில் தொங்கி, உள்ளே இருக்கும் வின்ச்சும் எஃகுக் கம்பியும் இழுக்க மேலே ஏறும். கீழே இறக்கினால் படகுக்கு ஐந்து அடி ஆழம் வேண்டும், தூக்கினால் இரண்டு அடி போதும். ட்ரெய்லரில் ஏற்றி இறக்குவது அதனால்தான் சுலபம். படகு ட்ரெய்லரில் இருக்கும்போதே கீலின் பின்முனையைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு சகஜம். கடகடவென்று ஆடினால் முளையும் அதன் துளையும் தேய்ந்திருக்கின்றன. கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் அத்தனை எடையும் வீசிக்கொண்டு இறங்கும், படகின் அடியையே உடைக்கக்கூடும். கம்பி படகுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அது வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே வரும். பலரும் திரும்பிப் பார்க்காத இடம் இதுதான். கீல் கம்பியில் தொங்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் அதன் அடியில் படுக்காதீர்கள்.

அடுத்தது மேல்தளம். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. மந்தமாக "தொப்" என்று கேட்டால் உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை ஊறிப்போயிருக்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடங்களைச் சுற்றி இரண்டு முறை தட்டுங்கள். அங்கே ஊறியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தாங்கு கம்பிகளை எந்த வருடம் மாற்றினார்கள் என்று கேளுங்கள். "தெரியாது" என்று பதில் வந்தால், புதுக் கம்பிக்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: அதே படகைப் பற்றித்தான் மறுபடியும். விற்பவர், "பாய் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். ஆனால் பாய் தைப்பவர் ஒருவர், பந்தயத்துக்கு என்றால் லேமினேட் பாய் (படலம் ஒட்டிய அடுக்குத் துணி) எடுங்கள், கூடவே ஸ்பின்னேக்கரும் (பின்காற்றில் ஏற்றும் பலூன் போன்ற பாய்) வாங்கிவிடுங்கள் என்கிறார். இரண்டும் சேர்ந்தால் படகின் விலையைத் தாண்டுகிறது. தேவையா?

பதில்: புதுப் பாய் தேவைதான். அந்தப் பாய் தேவையில்லை.

இந்தப் படகின் தண்ணீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம், சுமார் 19 அடி. அந்த நீளத்துக்கு, பலத்த காற்றிலும் ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தைத் தொடுவதே அபூர்வம். பணத்தால் அந்த வரம்பைத் தள்ளிவைக்க முடியாது. நீங்கள் ஜெயிப்பது காற்று குறைவாக இருக்கும் மாலைகளிலும், எதிர்க்காற்றில் காற்று வரும் திசைக்கு மற்றவரைவிட இரண்டு டிகிரி நெருக்கிப் போவதிலும்தான். இரண்டையும் தீர்மானிப்பது பாயின் வளைவு. பழைய பெரிய பாயில் (பாய்மரத்துக்குப் பின்னால் ஏற்றும் முதன்மைப் பாய்) துணி இழுபட்டு, வளைவின் ஆழமான பகுதி பின்னால் நகர்ந்துவிடும். அப்போது படகு முன்னே போவதற்குப் பதில் சாய்கிறது, மூக்கைக் காற்றை நோக்கித் திருப்புகிறது. ஓட்டுபவர் சுக்கானை இழுத்துப் பிடிக்கிறார், அந்தச் சுக்கான் தண்ணீரில் பிரேக் மாதிரி வேலை செய்கிறது.

விற்பவரின் பாயை நீங்களே சோதிக்கலாம். காற்றுள்ள நாளில் ஏற்றச் சொல்லி, பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் பூம் என்ற கட்டைக்கு அடியில் மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். ஆழம் முன்விளிம்பிலிருந்து பாதி தூரத்துக்குள் இருந்தால் இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம். பாதியைத் தாண்டிவிட்டிருந்தால் அது குடும்பப் பாய். துணியைக் கசக்கிப் பாருங்கள், சலசலக்க வேண்டும். பழைய பருத்திப் புடவை போலக் குழைந்தால் போயிற்று. தையலைக் கட்டைவிரல் நகத்தால் உரசுங்கள். வெயிலில் மக்கிய நூல் அப்படியே அறுந்து வரும்.

லேமினேட் பாய் வடிவத்தை நன்றாகப் பிடித்துவைக்கும், உண்மைதான். ஆனால் மடித்து மடித்து ட்ரெய்லரில் கொண்டுபோகும் படகில் அது சீக்கிரம் உரிந்துவிடும். நல்ல டேக்ரான் (நெய்த பாலியெஸ்டர்) துணியில் ஒரு பெரிய பாய், ஒரு 150 சதவீத ஜெனோவா (முன்னால் ஏற்றி, பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வரும் அகலமான பாய்), இவை போதும். இரண்டும் சேர்ந்து இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் வரும். ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டலினா வகுப்பு விதிகளில் என்ன துணி, என்ன அளவு அனுமதி என்று படித்துவிடுங்கள். விதிக்குப் பொருந்தாத பாயோடு போய் நின்றால் சேர்க்க மாட்டார்கள். பழைய பாயைத் தூக்கிப் போடாதீர்கள், வார இறுதிக்கு அதையே ஏற்றுங்கள். புதுசு புதன்கிழமைக்கு மட்டும் வெளியே வரட்டும். இந்த ஒரு பழக்கத்தால் புதுப் பாயின் ஆயுள் எவ்வளவோ கூடும்.

ஸ்பின்னேக்கரை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பல கிளப்புகளில் அது இல்லாமல் ஓட்டுபவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே தொடங்குங்கள். மகன் கயிறு வேலையில் தேறியதும் பார்த்துக்கொள்ளலாம்.

அதிகக் காசு செலவில்லாத வேகமும் இருக்கிறது. அந்த வார்ப்பிரும்புக் கீலில் துரு மொட்டு மொட்டாகக் கிளம்பியிருக்கும். சுரண்டி, எபாக்ஸி பூசி, உப்புக்காகிதத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இரண்டு வார இறுதி வேலை, தோள் வலிக்கும். ஆனால் அதே பணத்துக்கு வேறெதிலும் இவ்வளவு பலன் கிடைக்காது. பந்தய நாளில் ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கேன், மெத்தை எல்லாம் கரையில் இறங்கட்டும். எதையெல்லாம் கட்டாயம் படகில் வைத்திருக்க வேண்டும் என்பது கிளப் விதியில் இருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று குறைவான நாளில் யாரும் பின்னால் கும்பலாக உட்காரக் கூடாது. பின்பலகை தண்ணீரில் இழுபடும்.

கேள்வி: காகித வேலையில் ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

பதில்: டெக்சஸில் 14 அடியும் அதற்கு மேலும் உள்ள பாய்மரப் படகுக்கு டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) பதிவும் கட்டாயம், பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையில். வெளிமோட்டாருக்குத் தனி டைட்டில் உண்டு. விற்பவர் அதைத் தரவில்லையென்றால் மோட்டார் உங்கள் பெயருக்கு மாறாது. ட்ரெய்லர் வாகனக் கணக்கில் தனியாக வரும். 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகுகளில் பின்பலகையின் வலது மேல்மூலையில் 12 எழுத்து அடையாள எண் பொறித்திருக்கும். அது டைட்டிலில் இருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காப்பீடு எடுக்கும்போது, பந்தயத்தின்போது நேரும் சேதமும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில பாலிசிகள் பாய்மரத்துக்கும் பாய்க்கும் பந்தய நேரத்தில் பாதிதான் தரும், சில ஒன்றுமே தராது. பழைய படகுக்கு "ஒப்புக்கொண்ட மதிப்பு" பாலிசி கிடைத்தால் அதையே எடுங்கள். தேய்மானம் கழிக்கும் பாலிசியில் 40 வருடப் படகுக்குக் கைக்கு வருவது சொற்பம்.

மகளுக்கு 13 வயது ஆகும்வரை படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பது சட்டம். மகன் தனியாக சுக்கான் பிடிப்பதற்கு முன் மாநிலத்தின் படகோட்டிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஆன்லைனிலேயே படிக்கலாம், படகு வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள்.