சாயத்தை நீக்கிச் சித்திரம் வரைதல்: வாசகர் கேள்வி

கேள்வி: கறுப்புப் பருத்திச் சட்டையில் பிளீச் திரவத்தைத் தூரிகையால் தொட்டு இலைகள் வரைந்தேன். வெண்மைக்குப் பதிலாகச் செம்பழுப்பு நிறம் வந்தது. நன்றாக அலசிய பிறகும் சில வாரங்களில் இலைகள் இருந்த இடம் நைந்து கிழிந்துவிட்டது. எங்கே தவறினேன்? பட்டிலும் இவ்வாறு வரையலாமா?

பதில்: நிறம் வந்த விதத்தில் தவறேதும் இல்லை. கறுப்புச் சாயம் பெரும்பாலும் பல நிறங்களின் கலவை. அவற்றுள் சில விரைவில் சிதைய, எஞ்சியவையே செம்பழுப்பாகத் தெரிகின்றன. அதை வெண்மையாக்கியே தீருவதென்று மேலும் மேலும் பூசினால், சாயத்துக்கு முன் நூல்தான் போகும். (என் கண்ணுக்கு அந்தச் செம்பழுப்பே அழகு.)

துணி நைந்ததற்குக் காரணம் வேறு. பிளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டை வெறும் நீர் முழுமையாக அகற்றுவதில்லை. இழைகளுக்குள் தங்கியது தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே, விரும்பிய நிறத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே துணியை அலசி, புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்றழைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலிலோ, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்குக்கு நீர் 10 பங்கு சேர்த்த கலவையிலோ ஊறவைத்து, அதன் பிறகே சோப்பிட்டுத் துவைக்க வேண்டும். ஈரத்துணி அடர்ந்த நிறமாகத் தோன்றும், உலர்ந்தபின் வெளிறும் என்பதாலேயே 'சற்று முன்பே' என்கிறேன். இதற்கு வினிகர் போதும் என்று சிலர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

வீட்டு பிளீச்சைச் சம அளவு நீர் கலந்தே பயன்படுத்துங்கள். உலர்ந்த துணியில் கோடு ஓரளவு கூர்மையாக நிற்கும். ஈரத்துணியில் பரவி, புகைபோல் மங்கும். சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையைச் செருகினால் பின்பக்கம் கறைபடாது. விலங்கு முடியாலான தூரிகை பிளீச்சில் கரைந்துவிடும் என்பதால் நைலான் தூரிகையே ஏற்றது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். எப்போதும் உள்தையல் ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தபின் தொடங்குவது நல்லது. சில சாயங்கள் அசைந்தே கொடுக்காது. பாலியெஸ்டரில் இந்த முயற்சியே வீண்.

பட்டுக்கு பிளீச் கூடவே கூடாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். தூரிகையின் முடிக்கு நேர்வதே அவற்றுக்கும் நேரும். அவற்றுக்குத் தயோயூரியா டையாக்சைடு போன்ற, பிளீச்சின் ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறாகச் செயல்பட்டுச் சாயத்தை நீக்கும் பொருள்கள் உள்ளன. ஆனால் அவை வேலைசெய்ய வெப்பம் தேவை என்பதால், முதலில் ஒரு துண்டுத் துணியில் பழகிக்கொள்ளுங்கள்.