வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வரலாமா?

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு சில வருடங்களாக நாடகம் எழுதி, நெறியாள்கையும் செய்து வருகிறேன். பொழுதுபோக்கு என்றே வீட்டார் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகக் கொள்ளலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். ஆனால் நீங்கள் செய்வது பொழுதுபோக்கு என்பதையும் ஏற்க வேண்டாம். ஈழத்துத் தமிழ் நாடகத்தில் இன்று நாம் பெருமையோடு சொல்லும் பெயர்களில் பல, மாதச் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்தவர்களுடைய பெயர்களே. குழந்தை ம. சண்முகலிங்கம் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது அவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார், அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறியபோது ஐம்பதையும் கடந்திருந்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகளை நவீன மேடைக்குக் கொண்டுவந்ததும் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே செய்த பணிதான். ஆகவே சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து உங்கள் தொழிலை அளக்காதீர்கள்.

பணக் கணக்கு உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். கொழும்பில் ஒரு தமிழ் நாடகம் பெரும்பாலும் ஓரிரண்டு மாலைகளோடு முடிந்துவிடுகிறது. மண்டப வாடகை, ஒளியமைப்பு, உடை, பக்கவாத்தியம் எல்லாவற்றையும் அந்த ஓரிரு மாலை நுழைவுச்சீட்டிலேயே மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. சிங்கள மேடையில் 1956இல் வந்த ‘மனமே’ தலைமுறைகள் தாண்டியும் ஆடப்படுகிறது. ஊர் ஊராக மீண்டும் மீண்டும் போடும் அந்தப் பழக்கம் நம்மிடம் வலுப்பெறாதது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். முழுநேரமாக இயங்க முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பராக்கிரம நிரியெல்லவும் நண்பர்களும் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘ஜனகரளிய’, சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒரே குழுவாக்கி, தூக்கிச் செல்லக்கூடிய கூடார அரங்கோடு ஊர்களுக்குப் போனது. அத்தகைய முயற்சிக்கு நிலையான நிதி உதவியும் பெரிய குழுவும் வேண்டும். தனி ஒருவர் வேலையை விட்டுவிடுவதால் மட்டும் அது அமைந்துவிடாது.

நாடகத்துக்கு அருகிலேயே சம்பளமும் வேண்டுமானால், ஆசிரியத் தொழிலே உறுதியான வழி என்பது என் எண்ணம். ‘நாடகமும் அரங்கியலும்’ சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அதைத் தமிழில் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். தொண்டு நிறுவனங்களுக்காகப் பட்டறை நடத்துவது இன்னொரு வழி. அதில் ஒரு விடயத்தில் கவனமாக இருங்கள்: தலைப்பையும் முடிவையும் அவர்களே எழுதித் தந்தால், உங்கள் தாய்மார் மேடையில் நின்று துண்டுப் பிரசுரம் வாசிப்பவர்களாகிவிடுவார்கள். பிரேசில் நாட்டு நாடகவியலாளர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கில், பிரச்சினை தீராத இடத்தில் நாடகம் நிறுத்தப்படும். பார்வையாளரில் ஒருவர் எழுந்து வந்து பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துப் பார்ப்பார். உங்கள் குழுவுக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். முடிவைச் சபையிடம் விடத் துணியும் நிறுவனத்தோடு மட்டும் சேருங்கள்.

இனி, பலர் கேட்காமல் விடுவதையும் சொல்லிவிடுகிறேன். சமூக அரங்கில் நெறியாளருடைய வேலையில் பெரும்பகுதி குழுவைக் கலையாமல் வைத்திருப்பதுதான். பரீட்சை வரும், இரவு வேலை வரும், நடுவிலேயே ஒருவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ புறப்பட்டுவிடுவார். இதை எதிர்பார்த்தே எழுத வேண்டும். ஒரே பாத்திரத்தின் தோளில் கதை முழுவதையும் ஏற்றாமல், கூத்தில் பிற்பாட்டுக்காரர் தாங்குவதுபோல, உரைஞர் (கதையை எடுத்துச் சொல்பவர்கள்) குழு ஒன்று கதையைத் தாங்கும்படி அமைத்தால், ஒருவர் போனாலும் மற்றவர் அந்த வரிகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மண்டபம் ஒத்திகைக்குக் கிடைக்காவிட்டால் அதன் மேடையை அளந்து வந்து, ஒத்திகை நடக்கும் தரையில் அதே அளவைச் சோக்குக்கட்டியால் கோடிடுங்கள். முதன்முறை மேடையேறும் ஓர் அம்மாவுக்கு எத்தனை அடியில் திரும்ப வேண்டும் என்பது அதன்பின் காலுக்கே பழகிவிடும். கொப்பியின் இடப்பக்கத்தில் பிரதியை ஒட்டி, வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு, யார் எந்த வரியில் எங்கே நகர்கிறார் என்பதைப் பென்சிலால் குறித்து வையுங்கள். பேனா வேண்டாம், அந்தக் குறிப்பு பலமுறை மாறும். நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் அந்தக் கொப்பியை வைத்து இன்னொருவர் ஒத்திகையைத் தொடரலாம். கடைசி பஸ்ஸுக்கு முன் ஒத்திகையை முடித்துவிடுவதும் நெறியாள்கைதான்: பெண்கள் தொடர்ந்து வருவதும் வராமல் நிற்பதும் பல வேளைகளில் அதில்தான் தங்கியிருக்கிறது.

கேள்வி: எங்கள் மாதர் குழுவினர் தங்கள் வாழ்வில் நடந்தவற்றைச் சொன்னார்கள், அவற்றை நடித்துப் பார்த்து, நான் பிரதியாக எழுதினேன். நாடகாசிரியர் என்று என் பெயரை மட்டும் போடலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: போடக்கூடாது என்பதே என் கருத்து. ‘குழுவின் கூட்டாக்கம், எழுத்துருவும் நெறியாள்கையும்’ என்று குறித்து அதன் கீழ் உங்கள் பெயரைப் போடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கிறது. நாளை ஒரு பாடசாலையோ தொலைக்காட்சியோ பிரதியைக் கேட்கும்போது அனுமதி கொடுப்பவர் யார், பணம் வந்தால் எப்படிப் பங்கிடுவது என்பதை, நட்பு நன்றாக இருக்கும் இப்போதே ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. தன் கதையைச் சொன்ன பெண்ணுக்கு, மேடையேற்றுவதற்கு முன், அந்தக் காட்சியைத் தனியாக வாசித்துக் காட்டுங்கள். பெயரையும் தெருவையும் மாற்றினால் போதும் என்று நாம் நினைப்போம். ஆனால் கணவன் சொன்ன ஒரு வசைச்சொல், கைமாற்றாகக் கொடுத்த ஒரு சங்கிலி, இவற்றை வைத்தே அயலவர்கள் ஆளைக் கண்டுகொள்வார்கள். அவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், நாடகத்தின் உயிர்க்காட்சியே அதுவாக இருந்தாலும்.