வண்ண லேசர் நகல் ஏன் கெடுகிறது? கேள்வி பதில்

நகலின் தரம் குறைந்ததும் பலர் டோனரையோ (மைத்தூள்) டிரம்மையோ (படம் உருவாகும் உருளை) மாற்றிவிடுகிறார்கள். பணம் போகிறது, குறை அப்படியே இருக்கிறது. எந்த உதிரிபாகத்தையும் வாங்குவதற்கு முன் கெட்டுப்போன தாளைக் கூர்ந்து பாருங்கள். குறை எங்கே என்பதைப் பெரும்பாலும் அந்தத் தாளே சொல்லிவிடும்.

கேள்வி: நகல் எடுத்தால் தாளின் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு விழுகிறது. டிரம் போய்விட்டது என்கிறார் பழுதுபார்ப்பவர். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: பொறுங்கள். முதலில் கணினியிலிருந்து நேரடியாக ஒரு பக்கம் அச்சிடுங்கள். அதில் கோடு இல்லையென்றால் டிரம்முக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. குறை ஸ்கேனர் பக்கம் இருக்கிறது. அடுத்து, மூலத் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து ஒரு நகலும், மேலே தாள் தானாக இழுக்கப்படும் தட்டில் வைத்து ஒரு நகலும் எடுங்கள். இரண்டாவதில் மட்டும் கோடு வந்தால், பெரிய கண்ணாடியின் ஓரமாக உள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையில்தான் அழுக்கு. அங்கே ஸ்கேனர் அசையாமல் நிற்கிறது, தாள்தான் நகர்கிறது. அதனால் கடுகளவு திருத்து மை ஒட்டியிருந்தாலும் அது தாள் முழுக்கக் கோடாக நீளும். பெரிய கண்ணாடியில் அதே துளி வெறும் புள்ளியாகவே தெரியும். கண்ணில் படாவிட்டாலும் நகத்தால் வருடினால் தட்டுப்படும். இயந்திரத்தை அணைத்துவிட்டு, இழை உதிராத துணியில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். இந்த ஒரு துளிக்காக நல்ல டிரம்களைத் தூக்கி எறிவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: எனக்குக் கணினியிலிருந்து அச்சிட்டாலும் கோடு வருகிறது. நீல நிறக் கோடு.

பதில்: அப்படியானால் அச்சிடும் பகுதிதான். நிறம் தெரிந்ததால் பாதி வேலை முடிந்தது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனிப் பக்கம் அச்சிடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி டிரம் உள்ள இயந்திரத்தில் சயான் பக்கத்தில் மட்டும் கோடு வந்தால், சயான் டிரம், அதில் மிஞ்சிய டோனரை வழிக்கும் பிளேடு, மின்னேற்றும் ரோலர் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். நான்கு பக்கங்களிலும் ஒரே இடத்தில் வந்தால், எல்லா நிறங்களுக்கும் பொதுவான டிரான்ஸ்பர் பெல்ட்டையும் (டோனரைத் தாளுக்குக் கொண்டுசேர்க்கும் பட்டை) பியூசரையும் (டோனரைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பாகம்) பாருங்கள். வெள்ளைக் கோடாக இருந்தால் காரணம் வேறு. லேசர் ஒளி பட்ட இடத்தில்தான் டோனர் ஒட்டும். ஒளி வெளிவரும் கண்ணாடியில் தூசி படிந்தால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். அதைத் துடைப்பதற்கென்றே பல இயந்திரங்களின் முன்கதவுக்குள் ஒரு நீளமான குச்சி இருக்கும்.

கேள்வி: ஒரே மாதிரிப் புள்ளி பக்கத்தில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

பதில்: ஒரு அளவுகோலை எடுத்து, ஒரு புள்ளியிலிருந்து அதற்கு நேர்கீழே உள்ள அடுத்த புள்ளிவரை அளந்து பாருங்கள். ரோலரில் ஒரு காயம் இருந்தால், ரோலர் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் அது தாளில் பதியும். எனவே பெரும்பாலும் அந்த இடைவெளிதான் ரோலரின் சுற்றளவு. 94 மி.மீ. வந்தால் 3.14ஆல் வகுத்துப் பாருங்கள், விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ. இயந்திரத்தின் சர்வீஸ் கையேட்டில் எந்தப் பாகத்துக்கு எத்தனை மி.மீ. என்ற அட்டவணை இருக்கும்; அதோடு ஒப்பிடுங்கள். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. என்பதால் சிறிய ரோலர்களின் குறை ஒரே தாளில் பலமுறை தெரிந்துவிடும். டிரான்ஸ்பர் பெல்ட் நீளமானது. அதன் குறை பக்கத்துக்கு ஒன்றாகவோ சில பக்கங்களுக்கு ஒன்றாகவோ வரலாம். ஆகவே பத்துத் தாள்களைத் தொடர்ந்து அச்சிட்டு, வரிசை மாறாமல் அடுக்கிப் பாருங்கள். இயந்திரக் கோளாறைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: தலைப்பில் உள்ள படம் கீழே மங்கலாக மறுபடியும் தெரிகிறது. பியூசரா, டிரம்மா?

பதில்: மேலே சொன்ன அளவுகோல் இங்கேயும் உதவும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், தாள் பியூசரை அடைவதற்கு முன் கதவைத் திறந்து இயந்திரத்தை நிறுத்துங்கள். தாளை மெதுவாக வெளியே எடுங்கள். அதில் டோனர் இன்னும் தூளாகவே இருக்கும், கை படாமல் பாருங்கள். நிழல் அப்போதே இருந்தால் டிரம் பக்கம் கோளாறு; இல்லையென்றால் பியூசர். பியூசர் கடும் சூடாக இருக்கும், அதைத் தொடாதீர்கள். டிரம்மை வெளியே எடுக்க நேர்ந்தால் வெளிச்சம் படாமல் கனத்த தாளால் மூடி வையுங்கள்.

கேள்வி: கெட்டி அட்டையில் அச்சிட்டால் தேய்த்ததும் நிறம் உதிர்கிறது.

பதில்: தாள் வகை அமைப்பில் "சாதாரணம்" என்றே இருக்கிறதா? கெட்டித் தாள் என்று மாற்றுங்கள். தாள் மெதுவாக நகரும், டோனர் உருகிப் பிடிக்கப் போதிய வெப்பம் கிடைக்கும். அதன்பிறகும் உதிர்ந்தால்தான் பியூசரைச் சந்தேகிக்க வேண்டும். இன்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை மட்டும் லேசர் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். அதன் பூச்சு உருகி பியூசரில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்பு நிழல்.

பதில்: நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. மெனுவில் வண்ணப் பதிவுச் சீரமைப்பை (கலர் ரெஜிஸ்ட்ரேஷன்) ஓட்டுங்கள். இயந்திரத்தை இடம் மாற்றிய பிறகும் இதைச் செய்வது நல்லது.

கேள்வி: ஈரமான நாட்களில் மட்டும் நிறம் திட்டுத்திட்டாக வருகிறது.

பதில்: ஈரம் ஏறிய தாளில் மின்னூட்டம் கசிந்துவிடும், டோனர் முழுமையாகத் தாளுக்கு வராது. புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து தாள் வைத்துப் பாருங்கள். மீதித் தாளை உறைக்குள்ளேயே வையுங்கள்.

கேள்வி: டோனர் கொட்டிவிட்டால்?

பதில்: உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், கையையும் துணியையும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், டோனர் இளகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம். தூள் மிக நுண்ணியது என்பதால் வடிகட்டியைத் தாண்டி அறை முழுவதும் பரவிவிடும்.