பிறக்கப்போகும் மகனுக்கு விருத்தசேதனம் தேவையா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் டாலஸ் பக்கம் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில், சி.எஸ்.ஐ. குடும்பம். அடுத்த மாதம் எனக்கு முதல் பிரசவம். மகன் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. போன வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர், "குழந்தைக்கு விருத்தசேதனம் செய்துவிடலாமா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கணவருக்கு அது செய்யவில்லை. ஆனாலும், "இங்கே எல்லாப் பையன்களுக்கும் செய்கிறார்கள், நம்ம பையன் மட்டும் வித்தியாசமாக இருந்தால் கிண்டல் பண்ணுவார்கள்" என்கிறார். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு பெரியவர், "இயேசுவுக்கே எட்டாம் நாளில் செய்தார்கள், வேதத்தில் இருப்பதைச் செய்ய என்ன தயக்கம்?" என்கிறார். மாமியாரிடம் வீடியோ காலில் சொன்னால், "நமக்கு எதுக்கும்மா சுன்னத்து? அது முஸ்லிம் வீடுகளில் செய்கிறதல்லவா?" என்று அழுகிறார். ஆண்டவருக்கு விரோதமாக எதுவும் செய்துவிடக் கூடாது, பிள்ளைக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது. நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சாஸ்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் உங்கள் மனதில் இருக்கும் பெரிய பயத்தை எடுத்துப்போட்டுவிடுகிறேன். உங்கள் மகனுக்கு விருத்தசேதனம் செய்யாவிட்டால் ஆண்டவருக்கு விரோதம் ஆகாது. செய்தாலும் பாவம் ஆகாது. ஆனால் "ஆண்டவர் சொல்லியிருக்கிறார், அதனால் செய்கிறோம்" என்று மட்டும் செய்யாதீர்கள். அந்தக் காரணத்தைத்தான் வேதம் நேரடியாக மறுக்கிறது.

ஜெபக்குழுப் பெரியவர் சொல்வதில் பாதி சரி. ஆதியாகமம் 17-ல் ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் உடன்படிக்கையின் அடையாளமாக விருத்தசேதனம் கொடுக்கப்பட்டது. பிறந்த எட்டாம் நாளில் செய்ய வேண்டும் என்பதும் அங்கேதான் வருகிறது. யூதர்கள் இன்றுவரை அதைக் கைக்கொள்கிறார்கள். இயேசுவும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அதனால் அவருக்கும் எட்டாம் நாளில் செய்து பெயரிட்டார்கள் என்று லூக்கா 2:21 சொல்கிறது. ஆனால் அதே இயேசு பஸ்காவை ஆசரித்தார், ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவராகவே வளர்ந்தார். அந்தப் பெரியவர் சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் இருக்கிறாரா, பன்றி இறைச்சியைத் தொடாமல் இருக்கிறாரா? மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, பச்சைப் பிள்ளையின் உடம்பில் செய்யும் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சபைக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. சபை முதன்முதலில் கூடி விவாதித்த பெரிய வழக்கே இதுதான். கி.பி. 50-ஐ ஒட்டி நடந்தது. யூதேயாவிலிருந்து சிலர் அந்தியோகியாவுக்கு வந்து, விருத்தசேதனம் செய்துகொள்ளாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று போதித்தார்கள். பவுலும் பர்னபாவும் விடாமல் வாதாடினார்கள். தீராததால் விஷயம் எருசலேமுக்குப் போனது. அங்கே பேதுரு எழுந்து, நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டார். யாக்கோபு அதை ஒட்டியே தீர்ப்புச் சொன்னார். யூதரல்லாத புறஜாதியாரிலிருந்து வந்தவர்களுக்கு விருத்தசேதனம் கட்டாயம் இல்லை என்று முடிவாகிக் கடிதம் போனது. அப்போஸ்தலர் 15-ஐ நீங்களும் கணவரும் இன்று ராத்திரி ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்ட அந்தியோகியா சபையார் சந்தோஷப்பட்டார்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த நீங்களும் நானும் அந்தக் கடிதத்துக்கு உரிய ஜனங்கள்தான்.

பெரியவர் தீமோத்தேயுவைக் காட்டுவார், தயாராக இருங்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தது உண்மை. ஆனால் அவன் தாய் யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன். அந்தப் பகுதி யூதர்களிடம் ஊழியத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால் பவுல் அப்படிச் செய்தார். தீத்து முழுக்கக் கிரேக்கன். அவனுக்குச் செய்ய வேண்டும் என்று நெருக்கியபோது பவுல் ஒரு நாழிகையும் இணங்கவில்லை. இரட்சிப்புக்காக என்று யாராவது கத்தியை எடுத்தால் பவுலுக்குக் கோபமே வந்துவிடும். "நீங்கள் விருத்தசேதனம்பண்ணிக்கொண்டால் கிறிஸ்துவினால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமுமிராது" என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர். அதே அதிகாரத்தில், விருத்தசேதனமும் விருத்தசேதனமில்லாமையும் ஒன்றுக்கும் உதவாது, அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்கிறார். இதைப் பெரியவரிடம் மரியாதையாக, ஒரே ஒருமுறை சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம். உங்கள் பிள்ளை விஷயத்தில் ஜெபக்குழுவில் ஓட்டெடுப்பு தேவையில்லை.

எட்டாம் நாளில்தான் இரத்தம் நன்றாக உறையும், இது தேவஞானம் என்று ஒரு பிரசங்கமும் காதில் விழுந்திருக்கும். இரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும், பிறந்த குழந்தைக்கு அது குறைவு என்பது சரிதான். அதற்காகத்தான் பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தையின் தொடையில் வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். விருத்தசேதனம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த ஊசியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்படியானால் அமெரிக்காவில் இத்தனை கிறிஸ்தவர்கள் ஏன் செய்கிறார்கள்? பைபிளைப் பார்த்து அல்ல, டாக்டர்களைப் பார்த்து. 1870-ல் நியூயார்க்கின் லூயிஸ் சேயர் என்ற எலும்பு மருத்துவர், கால் விளங்காத ஒரு சிறுவனை முன்தோலை நீக்கிக் குணமாக்கியதாக அறிவித்தார். அதிலிருந்து வலிப்புக்கும் நரம்புக் கோளாறுக்கும் அதுவே வைத்தியம் என்று ஆனது. பையன்கள் சுய இன்பத்தில் விழாமல் தடுக்கவும் அதைப் பரிந்துரைத்தார்கள். அந்தக் காரணங்களெல்லாம் பொய்த்துப்போயின, பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. பிரசவங்கள் மருத்துவமனைக்கு மாறியபோது அது பிறப்புச் சடங்கு போலவே ஆகிவிட்டது. பிரிட்டனிலும் இந்தப் பழக்கம் இருந்தது. 1949-ல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் இதனால் பெரிய பயன் இல்லை என்று எழுதினார். அரசு மருத்துவச் சேவையும் செலவை ஏற்கவில்லை. அங்கே பழக்கம் மளமளவென்று குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம் எகிப்தின் காப்டிக் சபையாரும் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஊர் வழக்கமாகச் செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர்கள் பையன் கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்கிறார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் செய்வதில்லை. எல்லாரும் ஒரே ஆண்டவரைத்தான் கும்பிடுகிறார்கள்.

சரி, மருத்துவம் என்ன சொல்கிறது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2012-ல் சொன்னது இது: நன்மைகள் ஆபத்தைவிட அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல, பெற்றோரே முடிவெடுக்கட்டும். கனடாவின் குழந்தை மருத்துவர்கள் 2015-ல் இன்னும் தெளிவாக, வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றார்கள். நன்மை என்று முதலில் சொல்வது சிறுநீர்த் தொற்றை. முதல் வருடத்தில் விருத்தசேதனம் செய்யாத ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அது வரலாம், செய்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர். அதாவது ஒரு குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வெட்ட வேண்டும். அந்த ஒரு குழந்தைக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிடும். எச்.ஐ.வி. பற்றியும் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் ஆண்களுக்குத் தொற்று பாதிக்கு மேல் குறைந்தது உண்மை, 2007-ல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றதும் உண்மை. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், தாங்களே சம்மதித்துச் செய்துகொண்டவர்கள். உங்கள் மகனுக்கும் அந்த வயது வரும், அப்போது அவனே முடிவு செய்யலாம். ஆணுறுப்புப் புற்றுநோய் மிக அரிது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டால் அந்த அபாயம் இன்னும் குறையும்.

கெடுதல் பக்கம் பார்த்தால், பிறந்த குழந்தைக்குப் பழகிய கை செய்தால் பெரிய சிக்கல் அபூர்வம். ஐந்நூறில் ஒன்று என்பார்கள், அதுவும் பெரும்பாலும் கொஞ்சம் இரத்தக் கசிவு. ஆனால் வலி நிச்சயம். குழந்தையைக் கையும் காலும் அசையாதபடி பிளாஸ்டிக் பலகையில் கட்டிப் படுக்க வைப்பார்கள். பிறந்த குழந்தையின் முன்தோல் மொட்டோடு ஒட்டியிருக்கும். அதை முதலில் பிரித்தெடுத்து, பிறகு கிளாம்ப் வைத்து நெருக்கி வெட்டுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டே செய்ய வேண்டும். சர்க்கரைத் தண்ணீரைச் சப்பக் கொடுத்தால் மட்டும் போதாது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன். நோய் இல்லாத இடத்தில் கத்தி எதற்கு? வேண்டும் என்று தோன்றினால் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். செய்துவிட்டால் திரும்பாது.

உங்கள் கணவரின் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை. வேற்று ஊரில் பிள்ளை தனியாகத் தெரியக் கூடாது என்று தகப்பன் நினைப்பது பாசம்தான். ஆனால் "எல்லாப் பையன்களுக்கும்" என்பது உண்மை இல்லை. அமெரிக்காவில் பிரசவத்துக்குத் தங்கியிருக்கும்போதே விருத்தசேதனம் செய்யப்பட்ட குழந்தைகள் 1979-ல் 64.5 விழுக்காடு, 2010-ல் 58.3. டெக்சாஸ் சேர்ந்த தெற்கு மாநிலங்களிலும் 2010-ல் ஏறக்குறைய இதே கணக்குதான். மேற்கு மாநிலங்களில் 40-க்கு வந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளியில் மெக்ஸிகோக்காரர் பிள்ளையும் ஆந்திராக்காரர் பிள்ளையும் சீனர் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் முக்கால்வாசி வீடுகளில் இந்தப் பழக்கமே கிடையாது. அதைவிட, பையன் வளரும்போது முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அப்பாவைத்தான். "நான் மட்டும் ஏன் வேற மாதிரி?" என்று அவன் வீட்டுக்குள்ளேயே கேட்டால் என்ன சொல்வது என்று கணவரிடம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பிரசவ வலி வருவதற்கு முன்னால் இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும். இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடக்கும்போது நர்ஸ் ஒப்புதல் படிவத்தை நீட்டினால் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

மாமியார் அழுவதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், மகன் சொல்லட்டும். "இன்னும் முடிவு பண்ணலைம்மா, மதத்துக்காக எதுவும் செய்யப்போறதில்லை" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலே அடங்கிவிடும். முஸ்லிம் வீடுகளில் செய்கிறார்கள் என்பது ஒன்றைத் தள்ளுவதற்கு நல்ல காரணம் இல்லை என்பதையும் அவரே பக்குவமாகச் சொல்லலாம்.

வேண்டாம் என்று முடிவானால், டாக்டரிடம் இப்போதே சொல்லிக் குறிப்பில் எழுதிவிடச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது வெளியே மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்யவே கூடாது. ஊரிலிருந்து பேறுகாலத்துக்கு வரும் பாட்டி எண்ணெய் தேய்த்துத் தள்ளப் பார்த்தாலும் சரி, செக்கப்பில் நர்ஸ் இழுத்துப் பார்க்க வந்தாலும் சரி, கையைப் பிடித்து நிறுத்துங்கள். பலவந்தமாக இழுத்தால் கீறி, தழும்பாகிப் பிறகு நிஜமாகவே சுருங்கிவிடலாம். தானாகப் பிரிய சில வருடம் ஆகும், சில பையன்களுக்குப் பத்து வயதும் தாண்டும். அது நோய் இல்லை. சிறுநீர் போகும்போது அழுதாலோ, நுனி சிவந்து வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் களிம்பிலேயே சரியாகும்.

இருவரும் பேசி, செய்துவிடலாம் என்றே முடிவெடுத்தாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மரத்துப்போகும் ஊசி உண்டா, யார் செய்வார்கள், அவருக்கு எவ்வளவு பழக்கம் என்று முன்கூட்டியே கேளுங்கள். குழந்தை குறைமாதமாகப் பிறந்தாலோ, சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருந்தாலோ அப்போது செய்யக் கூடாது. துவாரத்தைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்தத் தோலே தேவைப்படும். செய்த பிறகு ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் வாஸ்லின் தடவுங்கள். நுனியில் மஞ்சளாக ஒரு படலம் வரும், சீழ் என்று பயந்து துடைத்தெடுக்காதீர்கள், ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். இரத்தம் நிற்காமல் வந்தாலோ, பன்னிரண்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய் பெரும்பாலும் தாய் வழியாகத்தான் ஆண் பிள்ளைக்கு வரும். உங்கள் அண்ணன் தம்பி, அம்மாவின் கூடப்பிறந்த மாமாமார் யாருக்காவது பல் பிடுங்கியபோதோ அடிபட்டபோதோ இரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று நாகர்கோவிலுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேளுங்கள். உண்டு என்றால், எந்த முடிவு எடுத்திருந்தாலும் அடுத்த செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.