சீட்டைக் குறைத்த பிறகு வந்த நாரி வலி

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து வத்தளைக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறேன். இடைக்கிடை சிலாபமும் போக வேண்டும். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கால் நிலத்தில் எட்டவில்லை என்று கராஜில் சீட்டின் ஸ்பொஞ்சை வெட்டிக் குறைத்தேன். காற்று அடிக்கிறது என்று உயரமான விண்ட்ஷீல்டும் போட்டேன். அதற்குப் பிறகு நாரி வலி, பிடரி வலி. இடது கைச் சின்ன விரலும் விறைக்கிறது. பெல்ட் போடலாமா? (வயது 34)

பதில்: பெல்ட் இப்போதைக்கு வேண்டாம், தம்பி. இரண்டு மாற்றங்களுக்குப் பிறகுதான் வலி வந்திருக்கிறது. அதனால் முதலில் பைக்கைப் பார்ப்போம்.

சீட் இறங்கிவிட்டது, ஆனால் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் பழைய இடத்திலேயே இருக்கிறது. முழங்கால் முன்பைவிட அதிகமாக மடங்கும். அப்படி மடங்கும்போது இடுப்பெலும்பு பின்னால் சரிந்து, நாரியில் இருக்க வேண்டிய உள்வளைவு போய், முதுகு கூனிவிடுகிறது. ஸ்பொஞ்சும் மெலிந்துவிட்டதால் குழிகளின் குலுக்கம் நேரே முள்ளந்தண்டுக்குத்தான் போகும்.

இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பதிய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. நிறுத்தும்போது இரண்டு முன்பாதமும் உறுதியாக ஊன்றினால் போதும். காலி வீதி நெரிசலில் அடிக்கடி கால் ஊன்ற வேண்டியிருப்பதால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உயரத்தைக் குறைக்காமல், சீட்டின் முன்பக்கத்தை மட்டும் ஒடுக்கித் தரச் சொல்லலாம். தொடைகள் அகலாமல் இறங்கும், கால் இன்னும் எட்டும். தடித்த அடியுள்ள சப்பாத்தும் உதவும். வெட்டிய இடத்தில் நல்ல அடர்த்தியான ஸ்பொஞ்சைத் திரும்பப் போடுங்கள்.

அடுத்தது பிடரி. விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று ஹெல்மெட்டில் மோதினால் தலை ஓயாமல் ஆடும். அதை நிறுத்தப் பிடரித் தசைகள் இறுகியே இருக்கின்றன. சிலாபம் போகும்போது, வாகனம் குறைந்த நேர்ப்பாதையில், சற்று நிமிர்ந்தும் சற்றுக் குனிந்தும் பாருங்கள். நிமிரும்போது ஆட்டம் நின்றால் விண்ட்ஷீல்ட் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்க வேண்டும். குனியும்போது நின்றால் உயர்த்தவோ சாய்வை மாற்றவோ வேண்டும். விளிம்பு மூக்கு மட்டத்துக்கு மேலே வரக் கூடாது. வீதியைக் கண்ணாடிக்கு மேலால்தான் பார்க்க வேண்டும். மழை இரவில் கீறல் விழுந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது ஆபத்து. நகருக்குள் நாம் ஊர்ந்து போகும் வேகத்துக்கு உயரமான கண்ணாடி தேவையே இல்லை. இந்த வெக்கையில் உடம்பில் படும் காற்றைத்தான் அது மறிக்கும்.

விரல் விறைப்பு பெரும்பாலும் உள்ளங்கையின் சின்ன விரல் பக்கமாக ஓடும் நரம்பு ஹாண்டிலில் அழுந்துவதால் வருவது. தலை ஆட்டம் குறைந்தால் கைப்பிடியின் இறுக்கமும் குறையும். மணிக்கட்டு நேராகவும் முழங்கை லேசாக மடிந்தும் இருக்கும்படி ஹாண்டிலைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். தூரப் பயணத்தில் முக்கால் மணிக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் சீட், ஒரு கிழமை கழித்துக் கண்ணாடி. அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். நான்கு கிழமையில் குறையாவிட்டால், அல்லது விரலில் பலம் குறைந்தால், வைத்தியரிடம் நேரில் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கால் பலமிழந்தாலோ, மலவாசலைச் சுற்றி உணர்ச்சி மரத்தாலோ, சலம் போக முடியாமல் அடைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நிலையில் பைக்கை எடுக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.