மாஸ்க்டு ஃபின்ஃபுட்: கேள்வி பதில்

இந்த நீர்ப்பறவை வாத்தா, நீர்க்கோழியா?
இரண்டும் இல்லை. சாரஸ் கொக்கும் கானாங்கோழியும் இருக்கிற வரிசையில் தனிக் குடும்பம். உலகத்திலேயே மூன்று இனம்தான்: ஆப்பிரிக்காவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, ஆசியாவில் இது.

வேடந்தாங்கலில் எடுத்த படம். இதுதானே?
இல்லை, அது நாமக்கோழி. இரண்டுக்கும் கால்விரலில் மடல் இருப்பதால் குழப்பம். நெற்றியில் வெள்ளைப் பட்டை தெரிகிறதே!

ஆண், பெண் வித்தியாசம்?
தொண்டையைப் பாருங்கள். ஆணுக்கு முழுக் கறுப்பு, பெண்ணுக்கு நடுவில் வெள்ளை. பெண்ணின் கண் மஞ்சள், ஆணின் கண் கருமை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அலகடியில் சின்னக் கொம்பு போல ஒரு புடைப்பு வரும். அலகு மஞ்சள், கால் பச்சை. நீந்தும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். ஆள் அரவம் கேட்டால் பறக்காது. கரையேறி வேருக்குள் ஓடிவிடும்.

எத்தனை மிச்சம்?
2020 மதிப்பீட்டில் 108 முதல் 304 வரை. முக்கியமாக வங்கதேசத்தின் சுந்தரவன அலையாத்திக் காடும் கம்போடியாவும்.

பழவேற்காட்டில் பார்த்தேன்...
இல்லை. தமிழ்நாட்டில் கிடையாது. மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

மீனவர்களைக் காட்டுக்குள் விடாமல் தடுத்தால் போதாதா?
சொல்வது சுலபம். மழைக்காலத்தில் ஒடுங்கிய ஓடைகளில், நீர்மேல் சாய்ந்த கிளையில் கூடு கட்டுகிறது. அந்த ஓடைக்குள் போகிறவர் மீனவர்தான். முட்டையையும் பறவையையும் எடுப்பது உண்மை, வலையில் சிக்குவதும் உண்மை. ஆனால் கூடு எங்கே என்று தெரிந்தவரும் அவரே. கம்போடியாவின் வடக்குச் சமவெளியில் கூட்டைக் காட்டி, குஞ்சு வெளியேறும்வரை காவல் இருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

அப்போ திருடனுக்கே சம்பளமா?
பசிக்கு முட்டை எடுப்பவரைத் திருடன் என்கிறீர்கள். காட்டை அழிப்பவரையும் ஆற்றில் அணை கட்டுபவரையும் என்னவென்று சொல்வீர்கள்? அவர்களையும் தடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

தடையும் வேண்டும், கூலியும் வேண்டும் என்றால்?
அதை ஒப்புக்கொள்கிறேன். கூடு கட்டும் மாதங்களில் மட்டும் அந்த ஓடைகளை மூடலாம், ஈடு கொடுத்து.

எந்த ஓடை என்று சொன்னால் படம் எடுக்கப் போவேன்.
சொல்ல மாட்டேன். கூட்டருகே படகை நிறுத்தினால் தாய்ப்பறவை இறங்கிவிடும், முட்டை குளிர்ந்துவிடும். இடத்தை யாரும் பொதுவில் போடாதீர்கள்.

எங்கள் ஏரியில் ஒன்று அடிக்கடி முங்கி எழுகிறது, அது...
முக்குளிப்பான்.