பாம்புக்குக் குளிருது, பல்பு போடலாமா?

கேள்வி: நுவரெலியாவில் இருக்கிறோம். தம்பி கொழும்பிலிருந்து கோர்ன் ஸ்நேக் என்ற, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு ஒன்றை வளர்க்கக் கொண்டுவந்தான். கண்ணாடித் தொட்டிக்குள் 60 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். இராத்திரியில் அதைச் சுற்றிக்கொண்டே கிடக்கிறது. போன வாரம் தின்ற எலியைக் கக்கிவிட்டது. தொட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வாங்கினால் போதுமா?

பதில்: அந்தப் பல்பை இன்றைக்கே தொட்டிக்கு வெளியே எடுத்துவிடுங்கள். சுற்றிக்கொண்டு கிடப்பது சுகத்தினால் அல்ல. தோல் வெந்தாலும் சட்டென்று விலகத் தெரியாத பிராணி அது. குளிர் தாங்காமல் கிடைத்த சூட்டை விடமாட்டேன் என்கிறது. வயிற்றுச் செதில்களைத் திருப்பிப் பாருங்கள். சிவந்தோ பழுப்பாகவோ கொப்புளம் கட்டியோ இருந்தால் அது தீக்காயம்.

எலியைக் கக்கியதற்கும் பெரும்பாலும் குளிர்தான் காரணம். உடம்பு சூடேறாமல் பாம்புக்குச் செரிக்காது. இரண்டு வாரம் தீனி வேண்டாம். அப்புறம் சின்ன எலியாகக் கொடுங்கள்.

கோர்ன் ஸ்நேக்குக்குத் தொட்டியின் ஒரு முனையில் 29–31 பாகை செல்சியஸ், மறுமுனையில் 22–25 இருக்க வேண்டும். சூடு வேண்டுமா, வேண்டாமா என்று அது நகர்ந்து தீர்மானித்துக்கொள்ளும். கொழும்பில் இதற்கு ஒரு மேட் போதும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், தை மாதத்து இரவில் 10 பாகைக்கும் கீழே இறங்கும் உங்கள் ஊரில் போதாது. மேட் தரையைத்தான் சுடவைக்கும், காற்றை அல்ல. அதனால் முதல் செலவு ரிஜிஃபோம், பெட்டிகளில் வரும் அந்த வெள்ளை நுரை அட்டை. தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கங்களும் வெளியிலிருந்து ஒட்டிவிடுங்கள். சூடாகும் எதையும் அது தொடக்கூடாது, உருகும், தீயும் பிடிக்கும். மேல் வலையில் பாதியை மூடலாம், முழுவதும் மூடினால் காற்றோட்டம் போய்விடும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். சென்சரால் சூட்டை அளந்து, ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கும் கருவி. ஹீட்டருக்கு முன்பே இதை வாங்குங்கள். கட்டுப்பாடில்லாத மேட் 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். கையை வைத்துப் பார்த்தால் இதமாகத்தான் இருக்கும். அதே இடத்தில் பாம்பு சுருண்டு படுத்ததும் சூடு வெளியே போக வழியில்லாமல் அடியில் தேங்கி ஏறும். என் பாம்பு ஒரு நாள் சென்சரை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டது. தெர்மோஸ்டாட்டுக்கு என்ன தெரியும், 'ஐயோ குளிர்' என்று விடிய விடிய மேட்டை எரித்திருக்கிறது. நல்லவேளை, பாம்பு மறுமுனையில் படுத்திருந்தது. அன்றிலிருந்து சென்சரைத் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டுகிறேன். உள்ளே பாம்பு படுக்கும் தரையில் டிஜிட்டல் தெர்மோமீட்டர் வைத்து, அங்கே 31க்கு மேல் போகாதபடி தெர்மோஸ்டாட்டைத் திருப்பி வைக்கிறேன்.

மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தொட்டிக்குக் கால் வைத்துச் சற்றே உயர்த்துங்கள். தொட்டிக்குள் வைக்க மின்சாரச் சூட்டுக்கல் என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள்.

காற்றைச் சூடாக்க வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர் நல்லது. பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். தொட்டால் கை வெந்துபோகும் சூடு. வலைக்கு மேலே, பாம்புக்கு எட்டாத இடத்தில், திரைச்சீலைக்குத் தள்ளி வையுங்கள். இதற்கும் தனி தெர்மோஸ்டாட் வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் வாட் அதிகமில்லை. பழைய வீட்டு வயரிங்கில் ஆட்டம் காணும் பிளக்கும் மல்டிபிளக்கும்தான் பயம். வயரைப் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இல்லையென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் போடுங்கள்.

கரண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்து, தொட்டிக்குக் கம்பளி போர்த்துங்கள். கரிச்சட்டி மட்டும் வேண்டாம், மூடிய அறையில் அது உங்களையும் சேர்த்துக் கொல்லும்.

இறக்குமதிப் பாம்புக்கு அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். நம் நாட்டு மலைப்பாம்பு என்றால் வளர்க்கும் பேச்சே இல்லை, சட்டம் காக்கும் பிராணி அது.

வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் நுரை வந்தாலோ நுரையீரலில் சளி. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தலையணை உறையில் போட்டுக் கட்டி, ஓட்டை போட்ட ரிஜிஃபோம் பெட்டியில் அந்தச் சுடுதண்ணீர்ப் போத்தலையும் பக்கத்தில் வையுங்கள். போகும் வழியில் ரம்பொடை இறக்கம் வரை குளிர் விடாது.